பங்காளி நடக்கிற அறை

"உங்க வீட்டுக்காரர் திரும்பி வந்துட்டாராம்மா?" என்று மாடிப்படியில் வழிமறித்துக் கேட்டாள் கீழ்வீட்டு அக்கா.

வேலை முடிந்து, காய்கறிப் பையும் தோள்பையுமாக மேலே ஏறிக்கொண்டிருந்தவள் அப்படியே நின்றாள். வந்துவிட்டால் நன்றாக இருக்குமே என்கிற ஆசை அந்த அக்காவின் முகத்தில் பளிச்சென்று தெரிந்தது. அடுத்தவர் வீட்டில் எது உடைந்தாலும் தன் வீட்டுப் பாத்திரம் விழுந்த மாதிரி பதறுகிற ரகம் அவள். அவளிடம் கோபித்துக்கொள்ளவும் முடியாது.

"இல்லையேக்கா. ஏன் கேக்கறீங்க?"

"பின்ன ராத்திரி யாரு நடக்கறது? எங்க கட்டிலுக்கு நேர் மேல, உங்க பின்னறையில. டொக்கு, டொக்குன்னு. அவர் இருந்தப்போ கேக்கும். போனதும் நின்னுச்சு. இப்ப மறுபடி ஒரு வாரமா கேக்குது. எனக்கொண்ணும் தொந்தரவு இல்ல. நல்ல சேதியா இருக்குமோன்னுதான் கேட்டேன்."

"பூனை ஏதாவது இருக்கும்க்கா."

"பூனைக்கு அவ்ளோ கனமா?" என்றாள் அக்கா.

வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்தியவள் விளக்கைக்கூடப் போடாமல் நின்றாள். கூடத்தின் கோடியில் பின்னறைக் கதவு எப்போதும் போல ஒருக்களித்துத் திறந்திருந்தது. அவன் போன பிறகு அவள் அந்த அறைக்குள் போவதே இல்லை. துவைத்த துணியைக்கூடக் கூடத்து நாற்காலியில்தான் போட்டு வைப்பாள். அந்த வீட்டில் இப்போது தூங்கி எழுகிற உயிர் அவள் ஒருத்திதான்.

அக்காவிடம் பூனை என்று சொல்லிவிட்டாளே தவிர, நாக்கு நுனிவரை வந்த சொல் வேறு. பங்காளி. அதுதான் வந்தது.

பங்காளி யார் என்று சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் இந்தக் கதையில் ஒன்றும் விளங்காது.

அவள் சட்டை தைத்து ஏற்றுமதி செய்கிற கம்பெனியில் செக்கர். தைத்து வருகிற சட்டையை மேசையில் விரித்து, காலர் கோணலா, தையல் விட்டிருக்கிறதா, பொத்தான் தொங்குகிறதா என்று பார்த்து, குறை இருக்கிற இடத்தில் சிவப்பு அம்பு ஸ்டிக்கரை ஒட்டித் திருப்பி அனுப்புவாள். அவன் லிஃப்ட் மெக்கானிக். லிஃப்டுக்கு மேலே மெஷின் அறையில் கண்ணை மூடிக்கொண்டு நின்று, கயிறு ஓடுகிற சத்தத்திலேயே எந்தச் சக்கரம் தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவான். ஆக, இருவருக்கும் நாள் முழுக்கக் குற்றம் கண்டுபிடிப்பதே பிழைப்பு. சேர்ந்து வங்கியில் கடன் வாங்கி, இருவர் பெயரிலும் இந்த வீட்டை எழுதிக்கொண்டு குடி வந்த அன்றைக்கே அவன் சொல்லிவிட்டான்: "வெளிய பாக்கற வேலைய வீட்டுக்குள்ள பாக்க வேணாம். இங்க உன் தப்புன்னு நானும் சொல்ல மாட்டேன், என் தப்புன்னு நீயும் சொல்லக்கூடாது."

"அப்போ தப்பெல்லாம் யாரு பண்றது?" என்று அவள் கேட்டாள்.

அவன் சுற்றுமுற்றும் பார்த்தான். வாழ்நாள் கடன் வாங்கிய கையோடு இருந்த மனிதனுக்கு வேறு என்ன தோன்றும்? "சொத்துன்னு ஒண்ணு வாங்கிட்டா பங்காளி ஒருத்தன் வராமலா இருப்பான்? அவன் தலையில கட்டிடுவோம்" என்றான்.

அப்படிப் பிறந்தவன் பங்காளி. பால் பொங்கி வழிந்தால் பங்காளி. குழாயை மூடாமல் போனது பங்காளி. கரண்ட் பில் கட்ட மறந்ததும் பங்காளிதான். பின்னறையில் ஒரு டைல்ஸ் பெயர்ந்து, மிதித்தால் டொக்கென்று சத்தம் போட்டது. ஆள் கூப்பிட்டு ஒட்டவைக்க அரைநாள் கூட ஆகாது. "வேணாம், அது பங்காளி பங்கு" என்று விட்டுவிட்டார்கள். சண்டையே இல்லாத வீடு என்று உறவுக்காரர்கள் தலைமேல் தூக்கி வைத்துப் பேசினார்கள். அவளுக்கும் அதில் பெருமை கொஞ்சநஞ்சமில்லை.

பிறகு ஒரு காலத்தில் இரவில் நடை கேட்கத் தொடங்கியது. பாதித் தூக்கத்தில் அவள் காதில் விழும். டொக். கொஞ்ச நேரம் அமைதி. மறுபடி டொக். பக்கத்தில் கை துழாவினால் அவன் இருக்க மாட்டான். காலையில் கேட்டால், "நானா? நல்லாத் தூங்கினேனே. பங்காளியா இருக்கும்" என்பான். அவளும் சிரிப்பாள். உண்மையைச் சொன்னால், சிரிக்க முடிந்ததில் அவளுக்கு நிம்மதிதான். என்ன ஏது என்று குடைய ஆரம்பித்தால் அது எங்கே கொண்டுபோய் விடுமோ என்று பயம். மாதங்கள் போகப் போக நடையின் சத்தம் கூடிக்கொண்டே வந்தது. ஒருநாள் காலையில் பல் தேய்த்துக்கொண்டே அவள் சொன்னாள்: "நம்ம பங்காளிக்கு வர வர உடம்பு போடுதுங்க. நேத்து என்னா கனமா நடக்கறான்! கீழ்வீட்டுக்கே கேட்டிருக்கும்."

அவன் அன்றைக்கு மட்டும் சிரிக்கவில்லை. அவளைப் பார்த்துக்கொண்டே நின்றான். பிறகு டிஃபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு போய்விட்டான். அன்றைக்கு அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அதற்கப்புறம் எல்லாம் மெல்ல மெல்ல நடந்தது. "ஏங்க" என்று அடுப்படியிலிருந்து கூப்பிட்டால் அவன் திரும்புவதில்லை. இரண்டாம் தரமும் கூப்பிடுவாள். மூன்றாம் தரத்துக்குள் மனசு விட்டுப்போகும். காதில் போட்டுக்கொள்ளவே மாட்டேன் என்கிறாரே, அப்படி என்ன ஆகிவிட்டேன் நான் என்று குமைவாள். வாய்விட்டுக் கேட்டிருக்கலாம். ஆனால் வீட்டுச் சட்டம் என்று ஒன்று இருக்கிறதே, குற்றம் சொல்லக்கூடாது. கூப்பிடுவதை நிறுத்தினாள். அவன் பேசுவதைக் குறைத்தான். ஒரே வீட்டில் இரண்டு பேர் தனித்தனியாகக் குடியிருந்தார்கள். கடைசியில் ஒருநாள் அவனே, "நான் வேற இடம் பாத்துக்கறேனே" என்றான். என்ன காரணம் என்று அவள் அண்ணன் உலுக்கி உலுக்கிக் கேட்டபோது இருவராலும் ஒன்றும் சொல்ல முடியவில்லை. சண்டை போடத் தெரியாமலே பிரிந்து போனவர்கள் அவர்கள்தான்.

ஆட்கள் பிரிந்தார்களே தவிர, கடன் பிரியவில்லை. வங்கிக்கு அவர்கள் இன்னும் ஒரே ஜோடி. அவன் எங்கோ ஒரு ஒற்றை அறையில் வாடகைக்கு இருந்துகொண்டு, இருக்காத வீட்டுக்குப் பாதித் தவணை கட்டினான். அவளுக்கு வீட்டை விட மனமில்லை. சொந்தமாக வெயில் விழுகிற ஜன்னல் என்று வாழ்க்கையில் அவளுக்குக் கிடைத்தது இது ஒன்றுதான். கடனைத் தன் பெயருக்கே மாற்றிக்கொள்ள வேண்டும் என்று வங்கிக்கு நடையாய் நடந்தாள். அண்ணன் ஜாமீன் போட ஒப்புக்கொண்டான். பிரிந்து போனவன் தன் பங்கை அவளுக்கு விட்டுக்கொடுத்து விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்திட வேண்டும்; அவன் இதுவரை கட்டியதை அவள் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பித் தருவாள். போனில் பேசி முடித்த ஏற்பாடு இது. வருகிற வெள்ளிக்கிழமை இருவரும் வங்கியில் இருக்க வேண்டும். இல்லையென்றால் வீட்டை விற்றுக் கடனை அடைப்பதைத் தவிர வழியில்லை. புரோக்கர் ஏற்கெனவே ஒரு இளம் ஜோடியைக் கூட்டி வந்து சுவரைத் தட்டிக் காட்டிவிட்டுப் போயிருந்தான்.

இந்த நேரம் பார்த்துத்தான் கீழ்வீட்டு அக்கா குண்டைத் தூக்கிப் போட்டிருக்கிறாள்.

விளக்கைப் போட்டதும் அவளுக்குச் சட்டென்று ஒன்று புரிந்த மாதிரி இருந்தது. அவனிடம் இன்னும் ஒரு சாவி இருக்கிறது. ராத்திரியில் வந்து போகிறான். எதற்கு? வீட்டை விட மனசில்லை, கடைசி நேரத்தில் காலை வாரப் போகிறான். கோபம் வந்ததும் பயம் போய்விட்டது. கோபத்தில் அது ஒரு சௌகரியம். போனை எடுத்து, "சாவி இருக்குன்னா எப்ப வேணா வந்து நடமாடலாம்னு அர்த்தமா?" என்று செய்தி அனுப்பினாள்.

"நான் வரல" என்று பதில் வந்தது. அவ்வளவுதான். அந்த இரண்டு சொல்லில் மனிதன் பிடி கொடுத்தால்தானே?

செக்கருக்குச் சாட்சி வேண்டும். அன்றைக்குப் படுக்கப் போகுமுன் வாசல் கதவுக்கு உள்தாழ்ப்பாளும் போட்டாள். தோள்பையிலிருந்து சிவப்பு அம்பு ஸ்டிக்கர் சுருளை எடுத்தாள். பின்னறைக் கதவை முழுக்கத் திறந்து, உள்ளே கால் வைக்கத் தயங்கி, பிறகு பல்லைக் கடித்துக்கொண்டு போனாள். பெயர்ந்த டைல்ஸ் மேல் ஸ்டிக்கர்களைப் பசைப் பக்கம் மேலே பார்த்தபடி எண்ணிப் பரப்பினாள். யார் மிதித்தாலும் காலோடு ஒன்றாவது போகும். எப்படியும் உன்னைப் பிடித்துவிடுகிறேன் பார் என்று காலி அறையிடம் வாய்விட்டே சொன்னாள்.

காலையில் வழக்கத்தைவிட நேரம் கழித்துத்தான் விழிப்பு வந்தது. அடித்துப் போட்ட மாதிரி உடம்பு வலித்தது. நேராகப் பின்னறைக்கு ஓடிப் பார்த்தாள். ஸ்டிக்கர்கள் கலைந்து கிடந்தன. குனிந்து எண்ணினாள். ஒன்று குறைந்தது. வாசலுக்கு வந்தாள். உள்தாழ்ப்பாள் போட்டது போட்டபடி இருந்தது.

சாவி வைத்திருப்பவனால் தாழ்ப்பாளைத் தாண்டி வர முடியாது. அப்படியென்றால் வந்தவன் வெளியிலிருந்து வரவில்லை. அந்த எண்ணம் வந்ததும் அவள் குளிக்கவில்லை, காபி போடவில்லை. முகத்தில் தண்ணீர் அடித்துக்கொண்டு, கைக்குக் கிடைத்த துணியை மாட்டிக்கொண்டு, செருப்பில் காலை நுழைத்துக்கொண்டு இறங்கிவிட்டாள். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தவளுக்கு, தாங்களே பேர் வைத்து, தாங்களே பழி போட்டு, இத்தனை வருஷம் தீனி போட்டு வளர்த்த ஒன்று இப்போது நிஜமாகவே எழுந்து நடக்கிறதோ என்று தோன்றியது. பகல் வெளிச்சத்தில் நினைத்துப் பார்த்தாலும் அது சிரிப்பாக இல்லை.

செக்கிங் ஹாலுக்குள் செருப்போடு போகக்கூடாது. தூசி ஆகாது. வாசலில் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, வழவழவென்ற தரையில் தன் மேசைக்கு நடந்தாள். எதிர்மேசைக்காரி பின்னாலிருந்து கெக்கலித்தாள்.

"ஏன்டி, உன்னை யாருடி செக் பண்ணி ரிஜெக்ட் பண்ணினது?"

"என்ன?"

"குதிகாலைப் பாரு."

மேசையைப் பிடித்துக்கொண்டு காலைத் தூக்கிப் பார்த்தாள். வலது குதிகாலில், கொஞ்சம் மடங்கி, தூசி படிந்து, சிவப்பு அம்பு ஒட்டிக்கொண்டிருந்தது. குறை இருக்கிற இடத்தை அது சரியாகக் காட்டியது.

எதிர்மேசைக்காரி இன்னும் சிரித்துக்கொண்டிருந்தாள். இவள் நாற்காலியில் உட்கார்ந்து, காலை மடிமேல் வைத்து, அந்த ஸ்டிக்கரை உரித்தாள். பங்காளி வரவில்லை. அவனும் வரவில்லை. ஒரு வாரமாக ராத்திரி எழுந்து, தூக்கத்திலேயே கூடத்தைக் கடந்து, பகலில் எட்டிப் பார்க்கக்கூடப் பயந்த அறைக்குள் போய், அந்த டைல்ஸை மிதித்துக்கொண்டிருந்தது அவளேதான். பேய் என்றிருந்தாலாவது அண்ணன் வீட்டுக்கு ஓடிப் போயிருக்கலாம். தன்னை விட்டுவிட்டு எங்கே ஓடுவது?

மத்தியானத்துக்கு மேல் லீவு சொல்லிவிட்டு அவன் கம்பெனிக்குப் போனாள். அநியாயமாகத் திட்டியாகிவிட்டது. நேரில் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று மனசு சொன்னது. வெள்ளிக்கிழமை கையெழுத்து இருக்கிறது, முறைத்துக்கொண்டால் வீடு போய்விடும் என்று மனசின் இன்னொரு மூலை சொன்னது. இரண்டும் உண்மைதான்.

வாசலில் அவனோடு முன்பு ஜோடியாக வேலை பார்த்த மெக்கானிக் நின்றுகொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, "உள்ள ஸ்டோர்ல இருக்கான், வாங்க" என்றார்.

"ஸ்டோர்லயா? சைட்டுக்குப் போகலையா?"

அவர் முன்னால் நடந்தார். கீழ்த்தளத்தில், வரிசை வரிசையாக இரும்பு அலமாரிகள். சக்கரம், கயிறு, பொத்தான் பலகை. ஒரு மேசைக்கு முன்னால் அவன் முதுகைக் காட்டி உட்கார்ந்து போல்ட்டுகளைத் தரம் பிரித்துக்கொண்டிருந்தான். கழுத்து மெலிந்திருந்தது. என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று அவளுக்குத் தெரியவில்லை. "ஏங்க" என்று கூப்பிடுகிற உரிமையைத்தான் விட்டாகிவிட்டதே.

"கொஞ்சம் வெளிய வர முடியுமா?" என்றாள்.

அவன் திரும்பவில்லை. போல்ட் ஒன்றை எடுத்துப் பார்த்து டப்பாவில் போட்டான். அவளுக்குச் சுருக்கென்றது. இங்கேயும் அதே கதையா? மன்னிப்புக் கேட்க வந்த மனசு ஒரே நொடியில் மாறியது.

"நீங்க அந்தப் பக்கம் நின்னு கூப்பிட்டா எப்படிங்க?" என்றார் ஜோடி மெக்கானிக். "இடது காதுதான் முழுசாப் போயிடுச்சே. இந்தப் பக்கம் வாங்க, கொஞ்சம் கேக்கும்." பிறகு அவள் முகத்தைப் பார்த்துத் திகைத்தார். "உங்களுக்குத் தெரியாதா?"

அவள் அலமாரியைச் சுற்றிக்கொண்டு அவனுடைய வலப்பக்கம் போய் நின்றாள். நிழல் விழுந்ததும் அவன் நிமிர்ந்தான். கையில் இருந்த போல்ட்டை என்ன செய்வதென்று தெரியாமல் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

"நான் வரல. சத்தியமா வரல" என்றான் முதலில்.

"தெரியும். நான்தான் நடக்கறேன். தூக்கத்துல." ஸ்டிக்கர் விஷயத்தை அவள் சொல்லி முடித்தாள். அவன் சிரிக்கவில்லை. "காது எப்பலேர்ந்து?" என்றாள்.

ஜோடி மெக்கானிக் நாசூக்காக நகர்ந்து போயிருந்தார்.

"வீட்டுக் கடன் போட்ட மறுவருஷம். மெஷின் ரூம்ல ஒருநாள் கயிறு சத்தம் தூரத்துல கேட்ட மாதிரி இருந்தது. அலுப்புன்னு நினைச்சேன். அப்புறம் சந்தேகம் வந்துடுச்சு. என் வேலையே காதுதானேம்மா. இது வெளிய தெரிஞ்சா சைட்லேர்ந்து எடுத்துடுவாங்க, சம்பளம் பாதியாப் போயிடும். கடன் இருக்கே. டாக்டர்கிட்டப் போகவே பயம்."

"அதுக்காக ராத்திரி எதுக்கு நடந்தீங்க?"

"பகல்ல சத்தத்துல ஒண்ணும் தெரியாது. ராத்திரி அமைதியா இருக்கும். அந்த டைல்ஸ மிதிச்சுப் பாப்பேன், டொக்குன்னு கேக்குதான்னு. முதல்ல லேசா மிதிச்சாலே கேட்டுச்சு. அப்புறம் கொஞ்சம் அழுத்தி மிதிக்க வேண்டியிருந்தது. அப்புறம் இன்னும் கொஞ்சம்." அவன் நிறுத்தினான். "கடைசியில எனக்குச் சுத்தமாக் கேக்கல. டைல்ஸ்தான் அமுங்கிப் போச்சு, அதான் சத்தம் வரலன்னு என்னை நானே ஏமாத்திக்கிட்டேன். அப்பதான் நீ சொன்ன. பங்காளிக்கு உடம்பு போடுது, கீழ்வீட்டுக்கே கேட்டிருக்கும்னு."

அவள் அலமாரிக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். வாயில் பற்பசை நுரையோடு, சிரித்துக்கொண்டே, ஒரு மனிதனுக்கு அவன் செவிடாகிவிட்டான் என்று தீர்ப்புச் சொல்லியிருக்கிறாள்.

"என்கிட்டச் சொல்லியிருக்கலாமே" என்றாள்.

"நீ கேட்டிருக்கலாமே" என்றான் அவன். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை என்று அவளுக்கு இருந்தது.

வெள்ளிக்கிழமை வங்கியில் கூட்டம். நோட்டு எண்ணுகிற மெஷின் ஒரு பக்கம், டோக்கன் கூப்பிடுகிற குரல் ஒரு பக்கம், தலைக்கு மேல் ஏசி இரைச்சல். கடன் பிரிவு அதிகாரி கண்ணாடித் தடுப்புக்குள் கம்ப்யூட்டர் திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல் பேசுகிற மனிதர். தன் மீசைக்கு மட்டும் கேட்டால் போதும் என்கிற குரல். அண்ணன் முதலில் போய் அவருக்கு நேர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டான். அடுத்ததில் அவள். ஓரத்து நாற்காலியில் அவன். அவனுடைய இடது காது அதிகாரியைப் பார்த்து இருந்தது.

பத்திரத்தை அண்ணன்தான் தனக்குத் தெரிந்த பத்திர எழுத்தரிடம் சொல்லி எழுதி வாங்கியிருந்தான். "எல்லாம் நான் பாத்துக்கறேன், நீ பேசாம இரு" என்று சொல்லியிருந்ததால் அவளும் பேசாமல் இருந்துவிட்டாள். பேசாமல் இருப்பது அவளுக்குப் பழகிய வேலை. அதிகாரி தாள்களைப் புரட்டி முணுமுணுவென்று படித்தார்.

"சொத்தில் தனக்குள்ள பங்கை முழுமையாக விட்டுக்கொடுத்து, இதுவரை செலுத்திய தவணைகளுக்காக எந்த ஈடும் பெறாமலும், பிற்காலத்தில் கோராமலும்... இதுக்கு சம்மதம்தானே சார்?"

அவள் திடுக்கிட்டு அண்ணனைப் பார்த்தாள். அண்ணன் மேலே ஏசியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அதிகாரியின் உதடு நின்றதைக் கண்டு, தன்னைத்தான் ஏதோ கேட்கிறார்கள் என்று அவனுக்குப் புரிந்தது. காது கேட்காதவர்கள் எல்லாரும் வைத்துக்கொள்ளும் அந்தப் பொதுச் சிரிப்பைச் சிரித்து, "சரிங்க சார்" என்று தலையாட்டினான். பேனாவை எடுத்தான்.

இதை மறைக்காமல் சொல்ல வேண்டும். அவளுக்கு ஒரு நொடி சந்தோஷமாகத்தான் இருந்தது. திருப்பிக் கொடுக்க வேண்டியதில்லை. வீடு முழுசாக அவளுக்கு. வெயில் விழுகிற ஜன்னல் அவளுக்கு. அவள் எந்தப் பொய்யும் சொல்லவில்லை; எழுதியது அண்ணன், படித்தது அதிகாரி, தலையாட்டியது அவன். பின்னால் ஒருநாள் தெரிந்து கேட்டால், இருக்கவே இருக்கிறான் பங்காளி, அவன் தலையில் கட்டிவிடலாம். அந்தப் பெயர் மனசில் வந்த மாத்திரத்தில் அவளுக்கு அருவருப்பாக இருந்தது. பேனா முனை தாளைத் தொட்டது.

"ஏங்க!" என்றாள்.

கண்ணாடித் தடுப்புக்கு வெளியே வரிசையில் நின்றவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். அவள் நாற்காலியை விட்டு எழுந்து, அவனுடைய வலப்பக்கம் போய்க் குனிந்தாள். ஊருக்கே கேட்கிற குரலில், ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள்.

"நீங்க கட்டினது எதையும் திருப்பிக் கேக்க மாட்டேன்னு எழுதியிருக்கு. நம்ம பேசினது அது இல்ல. நீங்க கேக்காமலே தலையாட்டிட்டீங்க."

"உனக்கென்ன பைத்தியமா? உக்காரு" என்று பல்லைக் கடித்தான் அண்ணன்.

அவன் பேனாவை வைத்துவிட்டு அவளைப் பார்த்தான். பெருந்தன்மையாக ஏதாவது சொல்லப் போகிறான், பரவாயில்லை எடுத்துக்கோ என்று சொல்லிவிடப் போகிறான் என்று அவள் பயந்தாள், எதிர்பார்க்கவும் செய்தாள். அவனுக்குக் கண் கலங்கியிருந்தது.

"எனக்கு அது வேணும்மா" என்றான். "காதுக்கு மெஷின் வைக்கணும். சம்பளமும் பாதிதான். எனக்கு வேணும்."

இத்தனை வருஷத்தில் எனக்கு வேண்டும் என்று அவன் அவளிடம் சொன்னது அதுதான் முதல் தடவை. வலித்தது. வலியோடு சேர்ந்து, நெஞ்சிலிருந்து ஏதோ இறங்கின மாதிரியும் இருந்தது. கொஞ்சம் கொஞ்சமாகத் தந்தால் காது மெஷினுக்கு ஆகாது; அவனுக்குச் சேர வேண்டியதை இப்போதே கொடுப்பதற்கும் சேர்த்துக் கடன் கிடைக்குமா என்று அதிகாரியிடம் கேட்டாள். அவர் முதல் தடவையாகத் திரையிலிருந்து கண்ணை எடுத்தார். "உங்க சம்பளத்துக்கு வராதும்மா" என்றார். அதுவும் முணுமுணுப்புதான். அவள் அதை அவனுக்கு உரக்கத் திருப்பிச் சொன்னாள். அன்று சாயங்காலமே புரோக்கருக்குப் போன் செய்தாள். அண்ணன் வெகுநாள் அவளோடு பேசவில்லை.

சாவி கொடுக்கிற அன்றைக்கு வீடு காலியாக இருந்தது. வாங்கிய ஜோடியும் புரோக்கரும் கீழே வண்டியில் சாமானோடு வந்து நின்றிருந்தார்கள். கீழ்வீட்டு அக்கா அதற்குள் அவர்களுக்கு டீ போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தாள். மேலே இவர்கள் இருவர் மட்டும். ஜன்னல் வழியாக வெயில் கூடத்துக்குள் பாதி வரை வந்து கிடந்தது. அவள் அதைப் பார்க்காமல் இருக்கப் பார்த்தாள். முடியவில்லை. அழுதாள். அவன் பக்கத்தில் வந்து நின்றான்.

"நீ எதுக்கும்மா தூக்கத்துல நடந்த?" என்று அவன் கேட்டான்.

"தெரியல. யாராவது கேக்கறாங்களான்னு பாத்திருப்பேன்."

"இப்பவும் நடக்கறியா?"

"இல்ல. நின்னுடுச்சு."

பேசிக்கொண்டே இருவரும் பின்னறை வாசலுக்கு வந்திருந்தார்கள். சாமான் இல்லாத அறையில் பெயர்ந்த டைல்ஸின் விளிம்பு நன்றாகவே தெரிந்தது. புதிதாக வருகிறவர்களுக்கு முதல் நாளே கண்ணில் பட்டுவிடும்.

"ஒரு தடவை மிதியேன்" என்றான் அவன். "வலது காதுக்காவது இன்னும் கேக்குதான்னு பாக்கறேன்."

அவன் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டான். கண்ணை மூடியிருப்பான், மெஷின் அறையில் நிற்கிற பழக்கம். அவள் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனாள். டைல்ஸுக்கு முன்னால் நின்று, சிவப்பு அம்பு ஒட்டியிருந்த அதே காலைத் தூக்கினாள். தூக்கியவளுக்குக் கீழே வைக்க மனசு வரவில்லை. கேட்கவில்லை என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது என்று அந்தரத்தில் காலை வைத்துக்கொண்டு நின்றாள்.

"கேக்குது" என்றான் அவன் சுவரைப் பார்த்தபடி. குரலில் சிரிப்பு இருந்தது. "நல்லாவே கேக்குதும்மா."

அறையில் ஒரு சத்தமும் இல்லை. கீழே அக்கா யாரையோ சர்க்கரை போதுமா என்று கேட்டது மட்டும் மெலிதாக வந்தது. அவளைத் தேற்றுவதற்காகச் சொல்கிறானா, தன்னையே ஏமாற்றிக்கொள்கிறானா என்று அவளுக்குத் தெரியவில்லை. முன்பென்றால் அவளும் சிரித்துவிட்டு, சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பியிருப்பாள்.

காலைத் தூக்கின இடத்திலேயே இறக்கி வைத்தாள். அவனுடைய வலப்பக்கம் போய் நின்றாள்.

"நான் இன்னும் மிதிக்கவே இல்லைங்க" என்றாள்.

அவன் கண்ணைத் திறந்தான். முகத்திலிருந்த சிரிப்பு மெல்ல வடிந்தது. பிறகு, வேலைக்கு இறங்குகிறவன் போல முழங்காலை மடித்துத் தரையில் உட்கார்ந்து, வலது காதை டைல்ஸுக்குப் பக்கத்தில் கொண்டுபோனான்.

"சரி, இப்ப மிதி" என்றான்.

அவள் மிதித்தாள்.